மாயாபஜார் காதல் படமா, சாப்பாட்டுப் படமா?

ஜூன் 3 (கேள்வி)

"பழைய காதல் நகைச்சுவைப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் மாயாபஜாரைச் சேர்த்துவிடுகிறீர்கள். போன வாரம் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் காதலன் அபிமன்யு எங்கே போனார் என்றே தெரியவில்லை. பெண்ணைத் தூக்கி வருவது கடோத்கஜன், கல்யாணத்தைக் குலைப்பது கடோத்கஜன், விருந்தை வழித்துச் சாப்பிடுவதும் கடோத்கஜன். இது காதல் படம் இல்லை, சாப்பாட்டுப் படம். மறுத்துப் பேச யாராவது உண்டா?"

ஜூன் 3, இரவு

நான் மறுக்கிறேன். ஆனால் அபிமன்யு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஜெமினி கணேசன் அழகாக வருகிறார், அழகாகப் படகில் உட்காருகிறார், காட்டில் அண்ணன் என்று தெரியாமலே கடோத்கஜனோடு ஒரு சண்டை போடுகிறார், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆசிரமத்தில் பத்திரமாக இருக்கிறார். தனக்காக ஒரு ஊரே மாயத்தில் எழும்பிக்கொண்டிருக்க மாப்பிள்ளை மட்டும் நிம்மதியாக இருக்கும் வேறு படம் எனக்குத் தெரிந்து இல்லை. மொத்தப் படத்திலும் காதலர்களுக்கு உருப்படியாக இருப்பது ஒரே ஒரு பாட்டு.

நாளை எழுதுகிறேன். இன்று அலுப்பு.

ஜூன் 4

விஷயம் இதுதான். இந்தக் கதையில் காதல் ஆரம்பத்திலேயே முடிந்துபோகிறது. அபிமன்யு சுபத்திரையின் மகன், வத்சலா பலராமனின் மகள். அத்தை மகன், மாமன் மகள். சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே பேசி வைத்தாயிற்று. இவன் அவளைப் பார்த்து, அவள் இவனைப் பார்த்து, ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு என்கிற சமாசாரமே கிடையாது. கேள்வி ஒன்றுதான்: பாண்டவர்கள் சூதாட்டத்தில் சொத்தைத் தோற்ற பிறகும் முறை செல்லுமா? பலராமன் வீட்டில் செல்லாது என்கிறார்கள். துரியோதனன் மகன் லட்சுமணகுமாரனுக்குப் பெண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். மிச்சப் படம் முழுக்கப் பெரியவர்களின் கூத்து. அதனால்தான் காதலனுக்கு வேலை இல்லை. இது குறை என்று நீங்கள் நினைக்கிறீர்கள், படம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: 1957-இல் விஜயா நிறுவனம் இரண்டு மொழியில் எடுத்த படம், இயக்கம் கே.வி. ரெட்டி. தெலுங்கு மார்ச் 27-இல் வந்தது, தமிழ் ஏப்ரல் 12-இல். கிருஷ்ணர் என்.டி. ராமராவ், கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ், வத்சலா சாவித்திரி, மூவரும் இரண்டிலும் உண்டு. தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், நமக்கு ஜெமினி. நம் லட்சுமணகுமாரன் தங்கவேலு, சகுனி நம்பியார். பாட்டெல்லாம் கண்டசாலா. பாண்டவர்களைச் சுற்றியே கதை நடக்கிறது, ஆனால் ஐவரில் ஒருவர்கூடத் திரைக்கு வரமாட்டார். இதை மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

ஜூன் 5

என் அப்பாயி பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்த காலம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம். திண்ணை, வாசல், ஜன்னல் கம்பி எல்லா இடத்திலும் ஆள். அப்பாயி சாதாரணமாகப் படம் பார்க்க வரமாட்டாள், "கண்ணு வலிக்குது" என்பாள். மாயாபஜார் என்றால் மட்டும் முன்னாடியே போய் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிடுவாள். சுபத்திரை அண்ணன் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்டு, அண்ணியிடம் பேச்சு வாங்கித் திரும்பும் இடம் வந்ததும் சத்தமாகத் திட்ட ஆரம்பிப்பாள். நாங்கள் ரேவதியைத் திட்டுகிறாள் என்று நினைத்துச் சிரிப்போம். அந்த வீட்டுக்காரர் ஒருமுறை, "ஆத்தா, வசனம் கேக்கல, மெதுவா திட்டு" என்றார்.

ரொம்ப வருஷம் கழித்துதான் அம்மா சொல்லித் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அப்பாயியின் தம்பி மகளைப் பேசி வைத்திருந்தார்கள். பூ வைக்க நாள் பார்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து தாத்தா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, நிலம் பாதி போனது. தம்பி வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அப்பாயி நேரில் போய்க் கேட்டிருக்கிறாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாராம், தம்பி மனைவிதான் பதில் சொன்னாராம். அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அங்கிருந்து நடந்தே திரும்பி வந்தவள், சாகும்வரை அந்த வாசலை மிதிக்கவில்லை.

சூதாட்டம் வேறு, ஜாமீன் வேறு இல்லையா என்று நான் அவளிடமே ஒருமுறை கேட்டேன். "ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டவன் வீட்டுல இருக்குறவதான் தெருவுல நிக்கணும்" என்றாள்.

ஆகவே எனக்கு இது சாப்பாட்டுப் படமாக இருக்க வழியே இல்லை.

ஜூன் 6

இரண்டு திருத்தம். பாட்டெல்லாம் கண்டசாலா என்று அடித்துவிட்டேன், தவறு. எஸ். ராஜேஸ்வர ராவ் சில மெட்டுகளைப் போட்டுவிட்டு விலகிய பிறகுதான் கண்டசாலா பொறுப்பெடுத்தார். அடுத்தது, காதலர்களுக்கு ஒரே பாட்டு என்றதும் தவறு. "நீதானா என்னை நினைத்தது" என்று ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்ததே அதுதான், அதை எப்படி மறந்தேனோ.

ஜூன் 6, மீண்டும்

அந்தப் பாட்டில் வரும் பெட்டியைப் பற்றி: பிரியதர்சினி. கிருஷ்ணர் வத்சலாவின் பிறந்தநாளுக்குக் கொடுப்பது. மூடியைத் திறந்தால் நமக்கு யார் மேல் அல்லது எதன் மேல் பிரியமோ அது தெரியும். இப்போதெல்லாம் பார்க்கிற எல்லோரும், அந்தக் காலத்திலேயே மடிக்கணினி, வீடியோ கால் என்று ஜோக் அடிக்கிறார்கள். நானும் அடித்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. வீடியோ காலில் நாம் கூப்பிட்டவர் தெரிவார். இதில் நாம் மறைத்தது தெரியும். ரேவதி திறந்தால் நகையும் நட்டுமாகக் கொட்டுகிறது. பலராமன் திறந்தால் துரியோதனன் நிற்கிறான். மகள் கல்யாணத்தில் இவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது படத்தின் தொடக்கத்திலேயே, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லியாகிவிட்டது. கிருஷ்ணர் திறந்தால் தெரிவது பகடையோடு சகுனி. அந்த இடத்தில் ராமராவ் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார் பாருங்கள்.

இன்று அப்படி ஒரு பெட்டி இருந்தால் எந்த வீட்டிலும் யாரும் பிறர் முன்னால் திறக்கமாட்டார்கள். என் மனைவி இதைப் படித்துவிட்டு, "நீங்க திறந்தா சாவித்திரிதான் வரும்" என்கிறாள்.

ஜூன் 8

நேற்று மறுபடி பார்த்தேன். இனிமேல் எழுதுவதுதான் என் உண்மையான பதில், மேலே எழுதியதெல்லாம் சுற்றி வளைத்தது.

இந்தப் படத்தின் காதல் நகைச்சுவை முழுக்கப் போலி மணப்பெண்ணிடம் இருக்கிறது. கடோத்கஜன் நிஜ வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, அவள் உருவத்தில் தானே துவாரகைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறான். உருவம் அவளுடையது, உள்ளே இருப்பது ராட்சசன். இதைத் திரையில் செய்ய வேண்டியவர் சாவித்திரி. தந்திரக் காட்சி இல்லை, ஒட்டு மீசை இல்லை, முகத்தில் பூச்சு மாறவில்லை. நடையை மாற்றுகிறார். தோளை மாற்றுகிறார். ரங்காராவ் எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவாரோ அப்படித் திரும்பிவிட்டு, யாரோ வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று நினைவு வந்து தலையைக் குனிகிறார். அந்தக் குனிவு இருக்கிறதே, அது வெட்கம் இல்லை, வெட்கத்தை எங்கோ பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு ராட்சசனின் வெட்கம். மீசையே இல்லாத முகத்தில் எனக்கு மீசை தெரிந்தது. பாட்டுக்கு நடுவில் கடோத்கஜனின் குரல் எட்டிப்பார்க்கிற இடத்தில் நான் இந்த வயதிலும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் மணமேடை. தங்கவேலு பெண்ணின் கையைப் பிடிக்கும் ஆசையில் வருகிறார். பெண் அவர் கையைப் பிடிக்கிறாள். பிடித்துவிட்டு விடவில்லை. காலை மிதிக்கிறாள், மிதித்த காலை எடுக்கவில்லை. சபை நடுவில் மாப்பிள்ளை கத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நெளிகிறார். விருப்பமில்லாத கல்யாணத்தில் மணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் செய்யத் தோன்றுமோ, அத்தனையும் அங்கே அவள் உருவத்திலேயே நடக்கிறது. நிஜ வத்சலாவால் அழத்தான் முடிந்தது. 1957-இல் அவளை எழுந்து நின்று மறுக்கவைத்திருந்தால் கொட்டகையில் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்களோ. அவளுக்குள் ஒரு ராட்சசனை உட்கார வைத்துவிட்டு, அவன் பெயரில் எல்லாவற்றையும் செய்யவிட்டார்கள்.

எனவே நண்பரே, "எல்லாம் கடோத்கஜன்தான் செய்கிறான்" என்றீர்களே, பாதிக்கு மேல் அந்தக் கடோத்கஜன் சாவித்திரி. காதல் படத்தில் நாயகிக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் உங்களுக்கே பதில் கிடைத்திருக்கும்.

ஜூன் 8, பின்குறிப்பு

இதையெல்லாம் அவர் தெலுங்குக்கு ஒரு முறை, தமிழுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை செய்திருக்கிறார். காதல் காட்சியில் எதிரே இருப்பவர் மாறுகிறார். அதில் ஒருவர் 1952-இல் அவர் மணந்துகொண்ட கணவர். தெலுங்கு எனக்குச் சரியாகத் தெரியாது, ஆனாலும் இரண்டையும் பார்த்துவிட்டேன். நாகேஸ்வர ராவோடு இருக்கும்போதுதான் வெட்கம் அதிகமாகத் தெரிகிறது, ஜெமினியோடு சகஜம். இதில் எது நல்ல காதல் நடிப்பு என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜூன் 9

லட்டு. நீங்கள் "சாப்பாட்டுப் படம்" என்றதும் என் கண்ணில் வந்தது மஞ்சள் லட்டுகள் வரிசையாகப் பறந்து ரங்காராவ் வாய்க்குள் போகும் காட்சி. அந்த மஞ்சள் எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது. படம் கறுப்பு வெள்ளை. அந்த வீட்டு டிவியும் கறுப்பு வெள்ளை. மஞ்சள் எங்கிருந்து வந்தது? யோசித்ததில், அப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் போனால்தான் லட்டு, அந்த லட்டை நான் கொண்டுபோய்ப் படத்தில் வைத்திருக்கிறேன்.

2010-இல் தெலுங்குப் படத்துக்கு வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். பார்த்தேன். உழைப்பு தெரிகிறது, எனக்கு ஒட்டவில்லை. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் நிலா வெளிச்சம் என்பது வெள்ளிக்கும் சாம்பலுக்கும் இடையில் இருக்கும் ஏதோ ஒன்று, அதன்மேல் நீலத்தைப் பூசினால் நீலமாகத்தான் இருக்கிறது.

"கல்யாண சமையல் சாதம்" பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சை ராமையாதாஸ் எழுதி, திருச்சி லோகநாதன் பாடியது. எங்கள் பக்கம் அதைக் கல்யாணப் பந்தலில் மங்களகரமாகப் போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமைத்து வைத்ததை அவர்கள் வந்து சேர்வதற்குள் ஒரு ராட்சசன் தனியாளாகக் காலி செய்யும் பாட்டு அது. சமையல்காரர் கேட்டால் வயிற்றைக் கலக்க வேண்டும். யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 10

படகுப் பாட்டை, "ஆஹா இன்ப நிலாவினிலே"யை, இரண்டு பேரின் டூயட் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டசாலாவும் லீலாவும் பாடுவதால் வந்த மயக்கம். அது மூன்று ஜோடியின் பாட்டு. முதலில் இளசுகள் படகில். கிருஷ்ணரும் ருக்மிணியும் பார்க்கிறார்கள், அப்புறம் அவர்கள் ஏறுகிறார்கள். மகளைத் தேடி வரும் பலராமனுக்கும் ரேவதிக்கும் சந்தேகம் வராமல் கிருஷ்ணர் சமாளிக்க, கடைசியில் அந்தப் பெரியவர்களும் அதே படகில் அதே மெட்டில் நிலாவை அனுபவிக்கிறார்கள். மகள் காதலைப் பின்னால் கெடுக்கப்போகிற இரண்டு பேருக்கும் அதே நிலாவில் பங்கு கொடுத்திருக்கிறார்கள். அவர்களை வில்லன்கள் ஆக்கவில்லை, ஆசை கொஞ்சம் கூடிப்போன அப்பா அம்மா, அவ்வளவுதான். இது தெரிந்ததும் அப்பாயியின் தம்பி மனைவி பற்றிக்கூட எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி தோன்றியது. அப்பாயி இருந்தால் இந்தப் பத்தியை அழிக்கச் சொல்லுவாள்.

ஜூன் 12

ஒருவர் கேட்கிறார்: இந்தக் கதை வியாச பாரதத்தில் எங்கே வருகிறது? வராது. வியாசரின் அபிமன்யுவுக்கு விராட நாட்டு உத்தரைதான் மனைவி. வத்சலா, தெலுங்கில் சசிரேகா, இவர்களெல்லாம் நம் ஊர்ப் பக்கத்துக் கதைகளில் பிறந்தவர்கள். பேசாப் படக் காலத்திலிருந்தே இது சினிமாவுக்குப் பிடித்த கதை, அதற்கும் முன்னால் நாடக மேடைக்கு.

இதில் என் தவறு ஒன்றும் உண்டு. படம் பார்க்கும்போது அப்பாயி, "அவ பேரு வத்சலா இல்லடா, சுந்தரி. பலராமன் மவ இல்ல, கிட்ணன் மவ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வயசானவள், குழப்பிக்கொள்கிறாள் என்று திருத்துவேன். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று கிடைத்தது: அபிமன்னன் சுந்தரி மாலை. பெண் பெயர் சுந்தரி. கிருஷ்ணன் மகள். அப்பாயிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், யாரோ பாடக் கேட்டு வைத்திருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதற்குள் அவள் இல்லை.

ஜூன் 13, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு சாகிறான். சாவதற்கு முன் அவன் கொல்பவர்களில் துரியோதனன் மகன் லட்சுமணன் ஒருவன், நம் தங்கவேலு. மறுநாள் இரவு கர்ணனின் சக்தி ஆயுதத்தில் கடோத்கஜன் போகிறான். மணமேடையில் கால் மிதித்து விளையாடிய அத்தனை பேரும் இரண்டு நாளில் முடிந்துவிடுகிறார்கள்.

படம் இதில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. பாரதக் கூத்தில் அபிமன்யு விழும் இரவு அழுதுவிட்டு வந்தவர்கள்தான் இங்கே சிரித்திருப்பார்கள்.

ஜூன் 14

நேற்று ராத்திரி எழுதியது கொஞ்சம் அதிகம். எடுக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: "மணப்பெண் காட்சியை மட்டும் மறுபடி பார்த்தேன். சாவித்திரியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பாட்டுப் படம் என்ற கருத்தில் மாற்றம் இல்லை."

சரி, வெளியிலிருந்து ஓர் அபிப்பிராயம் கேட்போம் என்று, மேலே சொன்ன சித்தப்பாவுக்கே படகுப் பாட்டை அனுப்பினேன். எழுபதைத் தாண்டிவிட்டார். பெண் அமையாமல் போகவில்லை, வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. அந்த மாமன் மகள் பேச்சை நான் எடுத்ததே இல்லை, அவரும் எடுத்ததில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு ஏதாவது சொல்லுவார், குறைந்தது ஒரு பெருமூச்சாவது விடுவார் என்று, கூச்சமில்லாமல் சொல்கிறேன், நான் காத்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. "இது கிடக்கட்டும்டா, லோகநாதன் பாட்டு இருக்கே, லட்டு பறக்குமே, அத அனுப்பு."

ஒரு ஓட்டு உங்களுக்கு.